புதைப்பதென்றால் காட்டில் புதையுங்கள்

மின்கம்பியை மண்ணில் புதைப்பதா, கம்பத்தில் தொங்கவிடுவதா என்ற கேள்வி நம் நாட்டில் வருஷத்துக்கு ஒருமுறை, பெரும்பாலும் ஐப்பசிக்கும் மார்கழிக்கும் நடுவே, எழுந்து உட்காருகிறது. 2011 டிசம்பர் கடைசியில் தானே புயல் கடலூரைச் சாய்த்தபோது எழுந்தது. 2016-ல் வர்தா சென்னைக்கு வந்தபோதும், 2017-ல் ஒக்கி எங்கள் குமரி மாவட்டத்தைப் புரட்டியபோதும், 2018-ல் கஜா டெல்டாவில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட கம்பங்களைப் பிடுங்கிப் போட்டபோதும் எழுந்தது. இருட்டில் உட்கார்ந்திருக்கிறவர்கள் எல்லோரும் அந்த நாட்களில் என்ஜினீயர்கள் ஆகிவிடுகிறார்கள். சிங்கப்பூரில் மைத்துனன் இருக்கிறவர், "அங்கே தெருவில் ஒரு கம்பி தொங்குமா?" என்று கேட்கிறார். அவர் சொல்வது வாஸ்தவம்தான். அங்கே மின்சாரம் மண்ணுக்குள்தான் ஓடுகிறது. பிறகு நம் வீட்டில் விளக்கு எரிகிறது, மின்விசிறி சுற்றுகிறது, கேள்வி மறுபடியும் படுத்துக்கொள்கிறது.

இந்தக் கேள்விக்குச் சர்க்காரிடம் ஒரு பதில் இருக்கிறது. வாயால் சொல்லாமல் காரியத்தில் காட்டுகிற பதில் அது. நகரத்தில் புதை, கிராமத்தில் தொங்கவிடு என்பதே அந்தப் பதில். சென்னையின் நடுப்பகுதியில் பல தலைமுறைகளாகவே கேபிள் மண்ணுக்குள் கிடக்கிறது. இப்போது அது புறநகர்களை நோக்கி நகர்கிறது. கடலூர், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி ஆகிய கடற்கரை ஊர்களில் உலக வங்கிக் கடனில் புதைக்கும் வேலையை எடுத்துக்கொண்டார்கள். அதில் எனக்கு ஆக்ஷேபணை இல்லை; கடற்காற்றின் முதல் அடி அங்கேதான் விழுகிறது. ஆனால் மொத்தக் கணக்கைப் பார்த்தால், நிலத்தின் விலை ஏற ஏறக் கம்பி கீழே இறங்குகிறது. விலையில்லாத நிலத்தில் அது ஆகாயத்திலேயே நிற்கிறது.

இந்த வரிசை தலைகீழ் என்பதுதான் என் கட்சி. புதைப்பதென்றால் முதலில் மலையடிவாரத்தில் புதையுங்கள். ரப்பர் தோட்டத்தில் புதையுங்கள். யானை நடக்கிற வழியில் புதையுங்கள். பட்டணத்து ஜனங்கள், என்னையும் என் வாசகர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், கொஞ்சம் காத்திருந்தால் குடி முழுகிவிடாது.

எனக்குத் தெரிந்த ஓர் ஊரை வைத்தே வாதத்தை நடத்துகிறேன். பேச்சிப்பாறையை வெளியூர்க்காரர்கள் ஓர் அணைக்கட்டு என்ற அளவில் அறிவார்கள். 48 அடி தண்ணீர் நின்றால் நிறைந்த அணை. திருவிதாங்கூரை மூலம் திருநாள் மகாராஜா ஆண்ட காலத்தில் 1897-ல் தொடங்கி 1906-ல் முடித்தார்கள். கட்டிய வெள்ளைக்கார என்ஜினீயர் மிஞ்சின் அந்த அணைக்கருகிலேயே சமாதியில் படுத்திருக்கிறார். நாஞ்சில் நாட்டு வயல்கள் அந்தத் தண்ணீரைக் குடித்துத்தான் நெல் கொடுத்தன. அணைக்கு மேலே, கோதையாற்றில், மலையில் தேக்கிய நீரைக் குழாய் வழியே இறக்கி மின்சாரம் எடுக்கிற நிலையங்கள் இரண்டு உண்டு. ஒன்று 60 மெகாவாட், மற்றது 40. இரண்டும் 1970-71-ல் ஓடத் தொடங்கியவை. அங்கே சக்கரத்தைச் சுழற்றிவிட்டு வருகிற தண்ணீர்தான் கீழே பேச்சிப்பாறையில் வந்து நிற்கிறது. ஆக, இந்த மலை எங்களுக்குச் சோறும் போட்டது, விளக்கும் ஏற்றியது.

அதற்கு நாம் செய்த கைம்மாறு என்ன? குலசேகரத்திலிருந்து அணைக்குப் போகிற சாலையில் ஒருதரம் போய்ப் பார்க்கலாம். இரண்டு பக்கமும் ரப்பர். ரப்பருக்கு நடுவே கம்பம். கம்பத்துக்குக் கம்பம் எந்த உறையும் இல்லாத வெறும் அலுமினியக் கம்பி, கிளைகளுக்குள் புகுந்து புகுந்து போகிறது. மழைக்காலத்துக்கு முன்னால் கிளையைக் கழிப்பார்கள். மழை முடிவதற்குள் கிளை மறுபடியும் கம்பியைத் தேடி வந்துவிடும். ரப்பர் மரம் காற்றுக்குத் தாங்காத ஜாதி. தென்னை வளையும், பனை நிற்கும், ரப்பர் பாதியில் முறியும். 2017 நவம்பர் 30-ந் தேதி ஒக்கி வந்தபோது கடலுக்குப் போனவர்களின் துக்கம் எல்லாவற்றையும்விடப் பெரிது. அதன் பக்கத்தில் வைத்துப் பேச மரமும் கம்பமும் ஒரு பொருட்டல்ல. ஆனாலும் அன்று மலையோரத்தில் ரப்பரும் வாழையும் கணக்கில்லாமல் சாய்ந்தன. சாய்ந்த மரங்கள் கம்பியைப் பிடித்து இழுக்க, கம்பி கம்பத்தை இழுக்க, மாவட்டம் முழுவதும் ஆயிரக்கணக்கான கம்பங்கள் விழுந்தன. மற்ற ஜில்லாக்களிலிருந்தெல்லாம் மின் ஊழியர்கள் வந்து இரவு பகலாகப் பாடுபட்டார்கள். அந்த மனிதர்களைக் கையெடுத்துக் கும்பிடவேண்டும். அவர்களிடம் கொடுத்தனுப்பிய சாமான் என்ன என்று கேட்டால்தான் எனக்குக் கோபம் வருகிறது. மறுபடியும் கம்பம், மறுபடியும் வெறுங்கம்பி.

வெறுங்கம்பியைப் பற்றி நம்மில் பலருக்கு ஒரு தப்பான நம்பிக்கை இருக்கிறது. அறுந்து விழுந்தவுடன் மின்சாரம் தானே நின்றுவிடும் என்று நினைக்கிறோம். எப்போதும் நிற்பதில்லை. துணைமின் நிலையத்தில் காவலுக்கு இருக்கிற சாதனம், ஓட்டம் திடீரென்று பெருகினால்தான் விழித்துக்கொள்ளும். அறுந்த கம்பி சரளைக்கல்லிலோ சருகுக் குவியலிலோ விழுந்தால் மண்ணுக்குள் பாய்கிற ஓட்டம் கொஞ்சமாகத்தான் இருக்கும். அந்தக் கொஞ்சம் சாதனத்தை எழுப்பப் போதாது. ஆனால் ஒரு மனிதனைக் கொல்லத் தாராளமாகப் போதும். கம்பி அங்கே உயிரோடு கிடக்கும், சத்தம் போடாமல்.

இப்போது பால்வெட்டுக்காரரை நினைத்துப் பாருங்கள். வெயில் ஏறினால் பால் நன்றாக இறங்காது என்பதால் அவர் விடியுமுன்பே தோட்டத்துக்குள் போகிறவர். நெற்றியில் ஒரு விளக்கு. அதன் வெளிச்சம் மரத்தில் கத்தி படுகிற இடத்துக்கும், பால் விழுகிற சிரட்டைக்கும் உதவும், காலடிக்கு உதவாது. இரவு காற்று அடித்திருக்கிறது. சருகு ஈரமாக இருக்கிறது. ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்கு அவர் எட்டி வைக்கிற ஒவ்வொரு அடியும் நம்பிக்கையில் வைக்கிற அடி. பட்டணத்தில் கம்பி அறுந்தால் நாலு பேர் கூடிக் கத்துவார்கள், ஒருவர் சைக்கிளைக் குறுக்கே நிறுத்துவார், இன்னொருவர் போன் செய்வார். இங்கே கத்துவதற்கு யார் இருக்கிறார்கள்?

கேபிளில் கதை வேறு. உள்ளே உலோகம், அதன்மேல் காப்பு, அதற்கும் மேலே ஒரு உலோகக் கவசம். காப்பு பழுதானால் மின்சாரம் கவசத்தில் பாய்கிறது. கவசம் நல்ல பாதையானதால் ஓட்டம் ஒரேயடியாகப் பெருகி, காவல் சாதனம் உடனே விழித்துக்கொள்கிறது. கேபிளும் கெடும், ஆனால் தன் பழுதைத் தானே அறிவித்துவிட்டுக் கெடும்.

உலகத்தில் கம்பி எப்படிக் கீழே இறங்கியது என்பதற்கு நியூயார்க்கில் ஒரு வரலாறு உண்டு. அந்த நகரத்தில் தந்தி, டெலிபோன், மின்விளக்குக் கம்பெனிகள் போட்டி போட்டுக்கொண்டு தொங்கவிட்ட கம்பிகள் வானத்தையே மறைத்தன. அவற்றைப் புதைக்கவேண்டும் என்ற சட்டம் 1884-லேயே வந்துவிட்டது. கம்பெனிகள் அதைச் சட்டை செய்யவில்லை. 1888 மார்ச்சில் பெரும் பனிப்புயல் வந்து கம்பிகளைச் சாய்த்தது. அப்போதும் முழு வழி பிறக்கவில்லை. 1889 அக்டோபர் 11-ந் தேதி, நகரசபைக்குப் பக்கத்துத் தெருவில், நண்பகலில், ஜான் ஃபீக்ஸ் என்ற கம்பி ஊழியர் கம்பத்தின் மேலே வேலை செய்துகொண்டிருந்தபோது மின்சாரம் தாக்கி, கம்பிகளின் நடுவிலேயே சிக்கிக்கொண்டு பிணமானார். சாப்பாட்டு வேளைக் கூட்டம் முழுவதும் கீழே நின்று பார்த்தது. அதே கம்பத்தில் ஒரு தகரப் பெட்டியை அடித்து, அவர் மனைவிக்காக ஜனங்கள் காசு போட்டார்கள். அதற்குப் பிறகுதான், அந்த வருஷம் முடிவதற்குள், கம்பங்களை வெட்டிச் சாய்க்க ஆட்கள் கோடாலியோடு புறப்பட்டார்கள்.

அந்த மனிதர் நகரசபைக்கு எதிரே, பகலில், கனவான்களின் கண்ணெதிரே செத்தார். அதனால் கம்பி புதைந்தது. ரப்பர் தோட்டத்தில் விடிவதற்கு முன் நடப்பதைப் பார்க்க எந்தக் கனவான் வருகிறார்?

நம் ஊரிலும் கூட்டத்தின் நடுவே நடந்தால்தான் சர்க்கார் திடுக்கிடுகிறது. 2022 ஏப்ரல் 27-ந் தேதி தஞ்சாவூருக்குப் பக்கத்தில் களிமேட்டில், அப்பர் சதய விழாத் தேர் உயர் அழுத்தக் கம்பியில் உரசி, குழந்தைகள் உட்பட 11 பேர் மாண்டார்கள். அதன்பின் தேரோடும் வீதிகளில் கம்பியைப் புதைப்பது பற்றி நாடெங்கும் பேச்சு எழுந்தது. 2025 மார்ச் 1-ந் தேதி எங்கள் மாவட்டத்திலேயே, இனயம் புத்தன்துறையில், மாதாகோவில் திருவிழாவுக்கு ஏற்பாடு செய்துகொண்டிருந்தவர்கள் நகர்த்திய இரும்பு ஏணி மேலே போன கம்பியில் பட்டு, நாலு பேர் போனார்கள். தேருக்கும் ஏணிக்கும் மதபேதம் இல்லை, வெறுங்கம்பிக்கும் இல்லை. தேர்வீதியில் புதைக்கட்டும், நான் குறுக்கே நிற்கமாட்டேன். தேர் வருஷத்தில் ஒருநாள் ஓடுகிறது. பால்வெட்டுக்காரர் மழைக்காலம் போக மற்ற நாளெல்லாம் நடக்கிறார்.

எதிர்க்கட்சி வாதம் எனக்குத் தெரியாததல்ல. முதல் வாதம் பணம். புதைப்பதற்கு மூன்று மடங்கு ஆகும், பத்து மடங்கு ஆகும் என்று இடத்துக்கும் அழுத்தத்துக்கும் தக்கபடி சொல்கிறார்கள். இருக்கலாம். ஆனால் அந்த மதிப்பீட்டில் கேபிள் விலையும் குழி வெட்டும் கூலியும் இருக்கின்றனவே தவிர, ஒவ்வொரு புயலுக்கும் புதிதாக நடுகிற கம்பம் இருக்கிறதா? வருஷா வருஷம் கிளை கழிக்கிற கூலி இருக்கிறதா? செத்தவர் குடும்பத்துக்குக் கொடுக்கிற நிவாரணத் தொகை இருக்கிறதா? அவை எல்லாம் வேறு வேறு கணக்குப் புத்தகத்தில் எழுதப்படுகின்றன. ஒரே வீட்டில் பால் கணக்கை ஒருவரும் வைத்தியர் கணக்கை ஒருவரும் ரகசியமாக எழுதினால் குடும்பம் சிக்கனமாக நடப்பதுபோலத்தான் தோன்றும்.

இரண்டாவது வாதம் பாறை. பேரிலேயே பாறை இருக்கிற ஊரில் எப்படித் தோண்டுவது என்று கேட்கிறார்கள். இந்தக் கேள்வியைப் பேச்சிப்பாறையில் நின்று கேட்பதற்கு ஒரு தைரியம் வேண்டும். நூற்றிருபது வருஷத்துக்கு முன்னால் இந்த மலையில் அணையையே கட்டியிருக்கிறார்கள். அந்தத் தண்ணீரைக் கொண்டுபோகிற விஷயத்தில் நம் முன்னோர்கள் 'மேலேயா கீழேயா' என்று கட்சி கட்டிக்கொண்டு நிற்கவில்லை. தரை ஒத்துவந்த இடத்தில் கால்வாயாக வெட்டினார்கள். மாத்தூரில் பரளியாற்றின் பள்ளம் குறுக்கிட்டது. அங்கே தண்ணீரை 115 அடி உயரத்தில் தொட்டிப்பாலம் கட்டி ஆகாயத்தில் நடத்தினார்கள். காமராஜர் முயற்சியில் வந்து 1966-ல் முடிந்த காரியம் அது. அங்கே போய்ப் படம் எடுத்துக்கொண்டு திரும்புகிற உல்லாசப் பயணிகளில் எத்தனை பேர் யோசித்திருப்பார்கள் என்று தெரியவில்லை: அந்தப் பாலம் ஏழைகள் ஊரில் நிற்கிறது. தண்ணீருக்கு நிலத்தின் அமைப்பைப் பார்த்தார்கள், விலையைப் பார்க்கவில்லை.

மின்சாரத்துக்கும் அந்த நியாயம்தான் வேண்டும். கோதையாற்றிலிருந்து மலை தாண்டிப் போகிற உயர் அழுத்தப் பாதையைப் புதைக்க நான் சொல்லவில்லை. அவ்வளவு அழுத்தத்தில் கேபிள் நீள நீள அது தன் காப்பை நிரப்பவே மின்சாரத்தைக் குடித்துவிடும் என்பது பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. அது பெரிய கோபுரங்களில், மரத்துக்கு எட்டாத உயரத்தில் போகட்டும். நான் பேசுவது வீட்டுக்கும் தோட்டத்துக்கும் கிளை பிரிந்து வருகிற தாழ்ந்த பாதைகளை. குழி வெட்ட முடிகிற இடத்தில் அவை மண்ணுக்குள் போகவேண்டும். உண்மையிலேயே பாறை தடுக்கிற இடத்தில் கம்பத்திலேயே போகட்டும். ஆனால் காப்புறை போட்டு முறுக்கிய கேபிளாகப் போகட்டும். கிளை விழுந்தால் தாங்கும், கை பட்டாலும் கொல்லாது. நம் மின்வாரியத்துக்குப் புதிய வஸ்து அல்ல அது. வெறுங்கம்பிக்கு மட்டும் மலையில் இடம் கிடையாது என்று ஒரு விதி செய்தால் போதும்.

நிலம் கிடைக்காது என்ற பேச்சும் இங்கே எடுபடாது. மற்ற ஊர்களில் ஒவ்வொரு வீட்டுக்காரரிடமும் வரப்புக்காரரிடமும் போய் நிற்கவேண்டும். இங்கே பெரும்பகுதி ரப்பர், அரசு ரப்பர் கழகத்தின் ரப்பர்; காடு, சர்க்கார் காடு; கம்பி, சர்க்கார் கம்பி. ஒரு சர்க்கார் இன்னொரு சர்க்காருக்குக் கடிதம் எழுதவேண்டும், அவ்வளவுதான். எழுதுகிற கைதான் வேறு வேறு மேஜையில் இருக்கிறது.

காடு என்றதும் யானை வருகிறது. பேச்சிப்பாறைக்கு மேலே யானைக்குப் பஞ்சம் இல்லை. போதாததற்குக் கேரளத்திலிருந்து தேனிக்கு வந்து ஊரைக் கலக்கிய அரிக்கொம்பனையும் 2023 ஜூனில் கொண்டுவந்து மேல்கோதையாற்றுக் காட்டில்தான் விட்டார்கள். அதே வருஷம் மார்ச் 18-ந் தேதி தர்மபுரி ஜில்லாவில் கம்பைநல்லூர்ப் பக்கம் ஓர் ஆண் யானை ஏரிக்கரையில் ஏறியது. மேட்டில் ஏறியதால் தாழ்வாகப் போன கம்பியில் தலை பட்டு அந்த இடத்திலேயே விழுந்தது. யாரோ எடுத்த படத்தில் அதை நாடு முழுவதும் பார்த்தது. யானைக்கு மின்கம்பியின் சட்டப்படியான உயரம் தெரியாது. மேட்டுக்கும் பள்ளத்துக்கும் ஒரே கம்பத்தை நடுகிற நமக்கு யானையின் உயரம் தெரியவேண்டாமா?

ராஜஸ்தானத்துக் கானமயிலுக்கு ஒரு வக்கீலாவது கிடைத்தார். கம்பியில் மோதிச் சாகிற அந்தப் பறவைக்காக, 2021 ஏப்ரல் 19-ந் தேதி சுப்ரீம் கோர்ட் தாழ்ந்த அழுத்தக் கம்பிகளைப் புதைக்கச் சொல்லிற்று. 2024 மார்ச்சில் அந்த உத்தரவைத் தளர்த்தி, நிபுணர் குழுவிடம் ஒப்படைத்தது. அது அங்கே சூரிய ஒளி மின்சாரத்தின் பெரிய வழக்கு. அதில் இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. நான் எடுத்துக்கொள்வது ஒன்றே ஒன்று. புதைப்பதா தொங்கவிடுவதா என்று பெரியவர்கள் யோசித்துக்கொண்டே இருந்தால் நடுவில் இருக்கிறவன் கதி என்ன?

பேச்சிப்பாறையில் அந்த நடுவில் இருக்கிறவர்கள் காணிக்காரர்கள். அணை நீருக்கு அக்கரையில், படகில் போய்ச் சேரவேண்டிய குடிகள் அவர்களுடையவை. கோதையாற்றில் மின்சாரம் பிறந்தபின்னும் பல வருஷங்கள் அந்தக் குடிசைகளில் மண்ணெண்ணெய் விளக்குதான் எரிந்தது. காரணம் கேட்டால் காட்டுச் சட்டம் என்றார்கள். தொங்கவிட்டால் யானைக்கு ஆபத்து என்பது ஒரு மேஜை. புதைத்தால் பணம் இல்லை என்பது மற்றொரு மேஜை. இரண்டு மேஜையும் சேர்ந்து மூன்றாவதாக ஒரு தீர்மானத்துக்கு வந்தன; அதற்கு இருட்டு என்று பெயர். யாரும் அதில் கையெழுத்துப் போடவில்லை. 2006-ல் வந்த வன உரிமைச் சட்டம் தெளிவாகவே சொல்கிறது: கிராம சபை சிபாரிசு செய்தால், மின்பாதைக்கு ஒரு ஹெக்டேருக்குட்பட்ட காட்டு நிலத்தைக் கொடுக்கலாம், ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக்கூடாது. நடைபாதையின் ஓரமாக ஒரு குழி வெட்டிக் கேபிளைப் புதைத்தால் ஒரு மரத்தைக்கூட வெட்டவேண்டியதில்லை என்பதைக் காட்டிலாகாவே முதலில் சொல்லியிருக்கவேண்டும்.

மூன்றாவது ஆக்ஷேபணையைச் சொல்வதற்குத் தகுதியுள்ளவர் கம்பத்தில் ஏறுகிறவர்தான் என்பதால் குலசேகரத்தில் அப்படி ஒருவரிடமே கேட்டேன். வயது ஐம்பதுக்கு மேல் இருக்கும். ஒக்கிக்குப் பிறகு மூன்று வாரம் வீட்டுக்குப் போகாமல் வேலை செய்தவர். "மேல கெடந்தா எங்க அறுந்திருக்குன்னு கண்ணால பாத்துக்கிடலாம் சாரே. மண்ணுக்குள்ள போச்சுன்னா எங்கன்னு தோண்டுவேன்?" என்றார்.

அது கனமான கேள்வி. கேபிளில் பழுது வந்தால், வந்த இடத்தைக் கண்டுபிடிக்கக் கருவி வேண்டும், அதைப் பிடிக்கத் தெரிந்த ஆள் வேண்டும். இரண்டும் பட்டணத்தில் இருந்துகொண்டு மலைக்கு மூன்றாம் நாள் வந்தால் புதைத்தும் பிரயோஜனம் இல்லை. இணைப்புப் போடுகிற இடத்தில் ஈரம் புகுந்தால் கேபிள் இரண்டே மழையில் பல்லை இளித்துவிடும். ஆகையால் கேபிளோடு கருவியும், கருவியோடு பயிற்சியும் இந்த மலைக்கே வரவேண்டும் என்பதும் என் கட்சியில் சேர்த்திதான். அவரிடம் அதையும் சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டார். கம்பி எல்லாம் கீழே போய்விட்டால் உங்களுக்கு வேலை குறைந்துவிடாதா என்று கேட்டேன்.

"மரத்துல தொத்திக்கிட்டு கெளை வெட்டுத வேல போவும்," என்றார். "போவட்டும் சாரே."